அவதூறும் பொறுப்பும்: மயங்கும் சட்டச் சொற்கள்

நாளிதழைப் புரட்டும் மாணவர் ஒருவர் ஒரே வாரத்தில் 'அவதூறு வழக்கு', 'மானநஷ்ட வழக்கு', 'நீதிமன்ற அவமதிப்பு', 'தேச நிந்தனை' ஆகிய நான்கு தலைப்புகளையும் காணக்கூடும். நான்கிலும் யாரோ எதையோ சொல்லியிருப்பார். அதனால் விவகாரம் நீதிமன்றம் வரை போயிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், முதல் இரண்டும் ஒரே பொருளை இரு முனைகளிலிருந்து காட்டும் சொற்கள். மூன்றாவது நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் மதிப்பையும் காப்பதற்கானது. நான்காவது 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் வரும் குற்றம். இவற்றை மாற்றிப் பயன்படுத்தினால் வாக்கியத்தின் அழகு மட்டும் கெடுவதில்லை. யார் யாருக்குப் பணம் கொடுக்க வேண்டும், யார் சிறைக்குப் போகக்கூடும் என்பதும் சேர்ந்தே மாறிவிடுகிறது.

முதலில் 'அவதூறு' என்ற சொல்லைப் பார்க்கலாம். ஒருவரைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள மதிப்பைக் குறைக்கும்படி மூன்றாவது ஆளிடம் ஒன்றைச் சொல்வது அவதூறு. அதனால் நற்பெயருக்கு ஏற்படும் குறைவே மானநஷ்டம். முன்னது செயல், பின்னது அதன் விளைவு. ஆகவே 'அவதூறு செய்தார்' என்பதும் 'மானநஷ்டம் கோரினார்' என்பதும் சரியாக அமைகின்றன. 'மானநஷ்டம் செய்தார்' என்பது காதுக்கே இடிக்கிறது.

மானநஷ்டம் என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் 'மானம்' என்பது ஒருவரின் உள்ளத்துக்குள் இருப்பது, தன்மதிப்போடு தொடர்புடையது. சட்டம் காப்பதோ உள்ளத்தில் இருக்கும் மானத்தை அன்று. ஊரார் மனத்தில் இருக்கும் நற்பெயரை. ஒருவர் மனம் உடைந்து அழுதார் என்பதால் மட்டும் அது அவதூறாகிவிடாது. ஊரார் அவரை முன்போல் மதிப்பார்களா என்பதே நீதிமன்றம் கேட்கும் கேள்வி.

மலேசியாவில் இதற்குரிய சட்டம் 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம். மலாய் மொழியில் அதன் பெயர் 'அக்தா ஃபித்னா 1957'. 'ஃபித்னா' அரபு மொழியிலிருந்து வந்த சொல். அங்கே அது சோதனை, குழப்பம் என்னும் பொருள்களைத் தரும். மலாய்ப் பேச்சுவழக்கில் அது 'பொய்ப் பழி' என்று சுருங்கிவிட்டது. தமிழிலும் அவதூறு என்றால் பொய் என்றே பலர் கொள்கின்றனர். அதனால், "உண்மை இல்லாவிட்டால் அவர் அதை நிரூபிக்கட்டும்" என்ற வாதம் தெருவிலும் கேட்கிறது, வகுப்பறையிலும் கேட்கிறது.

நீதிமன்றத்தில் நிலைமை நேர்மாறானது. உரிமையியல் வழக்கில், தம்மைப் பற்றிச் சொல்லப்பட்டது பொய் என்று வாதி நிரூபிக்கத் தேவையில்லை. அது பொய் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. உண்மைதான் என்றால் அதைச் சொன்னவரே சான்று காட்டி நிறுவ வேண்டும். அப்படி நிறுவினால் அவருக்கு அது முழுமையான எதிர்வாதமாகும். குற்றவியல் சட்டம் இன்னும் கடுமையானது. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 499ஆம் பிரிவுப்படி, சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். ஆகவே 'உண்மையைச் சொன்னால் வழக்கே வராது' என்பது பாதி உண்மை. அந்தப் பாதியும் கையில் சான்று உள்ளவருக்கே பயன்படும்.

அடுத்து 'வெளியீடு' என்ற சொல். புத்தக வெளியீடு, இசைவட்டு வெளியீடு என்று கேட்டுப் பழகியவர்களுக்கு, சட்டத்தில் வரும் வெளியீடு வியப்பளிக்கும். பாதிக்கப்பட்டவரைத் தவிர வேறொருவர், ஒரே ஒருவர் கேட்டாலும் படித்தாலும் அது வெளியீடு ஆகிவிடும். மண்டபமும் தேவையில்லை, மாலையும் தேவையில்லை. ஒருவரைத் தனியறைக்கு அழைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் அது உரிமையியல் சட்டப்படி அவதூறு ஆகாது. அதையே அவருடைய அண்டை வீட்டாரிடம் மெதுவாகச் சொன்னாலும் ஆகும்.

திருக்குறளின் 19ஆம் அதிகாரம் புறங்கூறாமை. புறங்கூறுதலுக்கும் அவதூறுக்கும் இந்த இடத்தில் ஓர் ஒற்றுமை தெரிகிறது. இரண்டுமே ஆள் இல்லாத இடத்தில் நடக்கக்கூடியவை; இரண்டுக்கும் கேட்க ஒரு செவி வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. புறங்கூறுபவர் உண்மையைச் சொன்னாலும் அறநூல் அதைக் குறையாகவே காணும். அவதூறோ ஆளை நேரில் வைத்துக்கொண்டு பத்துப் பேர் முன்னிலையிலும் நிகழலாம். 'கோள்', 'வதந்தி' ஆகிய சொற்களும் இப்படித்தான். அவை நடத்தையைக் குறிக்கின்றன; வழக்கைக் குறிப்பதில்லை.

வெளியீட்டோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பிறர் சொன்னதைத் திரும்பச் சொல்பவரும் வெளியிட்டவரே. 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பது புலனக் குழுக்களில் அடிக்கடி கேட்கும் சமாதானம். சட்டம் அதை ஏற்பதில்லை. ஒரு பழிச்சொல்லை ஐந்து பேர் அடுத்தடுத்து அனுப்பினால், அங்கே ஐந்து வெளியீடுகள் நடந்திருக்கின்றன. 'சொல்கிறார்கள்', 'கேள்விப்பட்டது', 'உண்மையா என்று தெரியவில்லை' என்னும் முன்னொட்டுகளும் காப்பாற்றுவதில்லை.

எழுத்துவழி அவதூறு, வாய்வழி அவதூறு என்ற பிரிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எழுத்து, படம், அச்சு என நிலைத்து நிற்கும் வடிவில் இருப்பது முதல் வகை. காற்றோடு போகும் பேச்சு இரண்டாம் வகை. முதல் வகையில் பணஇழப்பு ஏற்பட்டது என்று காட்டத் தேவையில்லை. இரண்டாம் வகையில் பொதுவாகக் காட்ட வேண்டும். ஒருவரின் தொழிலையோ பதவியையோ இழிவுபடுத்தும் பேச்சு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. வானொலி வழி ஒலிபரப்பாகும் சொற்களை 1957ஆம் ஆண்டுச் சட்டம் நிலைத்த வடிவமாகவே கருதுகிறது. காற்றில் போனாலும் ஊர் முழுக்கக் கேட்கிறதல்லவா?

இனி, மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடத்துக்கு வரலாம். கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு வாழையிலை உணவகம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அங்கே சாப்பிட்ட ஒருவர் முகநூலில், "சாம்பாரில் உப்பு அதிகம். இந்த விலைக்கு இந்தச் சாப்பாடு தகாது" என்று எழுதுகிறார். இன்னொருவர், "இங்கே முந்தின நாள் கறியைச் சூடாக்கிப் பரிமாறுகிறார்கள்" என்று எழுதுகிறார். இரண்டும் கடைக்காரருக்குப் பிடிக்காதவையே. ஆயினும் முதலாவது கருத்து. இரண்டாவது நிகழ்வைக் குறித்த கூற்று. கருத்து என்பது ருசியையும் மதிப்பீட்டையும் சார்ந்தது. பொதுமக்களுக்கு அக்கறையுள்ள ஒரு பொருளைப் பற்றி, உண்மையான செய்திகளின் அடிப்படையில், நேர்மையாகச் சொல்லப்படும் கருத்துக்கு 'நியாயமான விமர்சனம்' என்ற எதிர்வாதம் உண்டு. நிகழ்வைக் குறித்த கூற்றுக்கு அந்தக் குடை கிடையாது; அது உண்மையா என்ற கேள்வி மட்டுமே எஞ்சும். இரண்டாமவர் தம் வாக்கியத்தின் தொடக்கத்தில் 'என் கருத்துப்படி' என்று சேர்த்துக்கொண்டாலும் அது கருத்தாகிவிடாது. முந்தின நாள் கறி முந்தின நாள் கறிதான்.

கடைக்காரர் சினந்து வழக்கறிஞரிடம் போகிறார் என்று கொண்டால், அடுத்து வருவது ஒரு கடிதம். மன்னிப்புக் கேட்க வேண்டும், பதிவை நீக்க வேண்டும், இவ்வளவு தொகை தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பலர் இதைக் கண்டதும் வழக்குத் தோற்றுவிட்டது என்றே நடுங்குகின்றனர். அது கோரிக்கைக் கடிதம். நீதிமன்றத்தின் ஆணை அன்று. வழக்குப் பதிவாகி நீதிமன்றம் வழியாக வருவது 'அழைப்பாணை'. கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதலாம், பேசித் தீர்க்கலாம், மறுக்கலாம். அழைப்பாணையைப் புறக்கணித்தால், எதிர்த்தரப்பு இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடும் வாய்ப்புண்டு.

அவதூறையும் வசையையும் வேறுபடுத்துவது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 'முட்டாள்', 'சனியன்' என்று திட்டுவதால் கேட்பவருக்கு வலிக்கிறது. ஆனால் பொதுவாக ஊரார் அவர்மீது வைத்த மதிப்பு அதனால் குறைவதில்லை. ஆகவே வசை பெரும்பாலும் அவதூறுச் சட்டத்துக்குள் வருவதில்லை. அப்படியானால் அதற்கு வேறு சட்டம் இருந்ததா? 2024ஆம் ஆண்டு ஜூலையில், சமூக ஊடகத்தில் தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்ட இளம்பெண் ஒருவர் கோலாலம்பூரில் உயிரிழந்தார். அவரைச் சினமூட்டும் வகையில் பழித்ததை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு, 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் பிரிவு அனுமதித்த உச்ச அபராதமே அவ்வளவுதான். நாடு முழுவதும் எழுந்த கேள்வி, 'ஓர் உயிருக்கு 100 ரிங்கிட்டா?' என்பது. அதன் பின்னர் தண்டனைச் சட்டத் தொகுப்பு திருத்தப்பட்டு, பகடிவதையைக் குற்றமாக்கும் புதிய பிரிவுகள் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. வசைக்கும் அவதூறுக்கும் இடையே சட்டத்தில் இருந்த வெற்றிடம் இவ்வளவு பெரியது என்பதை அதுவரை பலர் அறிந்திருக்கவில்லை.

அவதூறு இரண்டு வழிகளில் நீதிமன்றத்தை அடையலாம். பாதிக்கப்பட்டவர் தாமே தொடுப்பது உரிமையியல் வழக்கு. அரசு தொடுப்பது குற்றவியல் வழக்கு. நாளிதழ்ச் செய்திகளில் பெரும் மயக்கம் இங்கேதான் நேர்கிறது. உரிமையியல் வழக்கில் இருப்பவர்கள் வாதியும் பிரதிவாதியும். அங்கே குற்றம் சாட்டப்பட்டவரும் இல்லை, குற்றவாளியும் இல்லை. தோற்ற பிரதிவாதி 'பொறுப்பாளி' ஆகிறார். 'மானநஷ்ட வழக்கில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பு' என்று எழுதினால், எழுதியவரே புதியதோர் அவதூறைத் தொடங்கி வைக்கும் நிலை வரலாம். குற்றவியல் வழக்கிலும், தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. தேவைப்படும் சான்றின் அளவும் மாறுபடுகிறது. உரிமையியல் வழக்கில் எந்தத் தரப்பின் பக்கம் தராசு சாய்கிறது என்று பார்த்தால் போதும். குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்.

பணத்துக்கும் இப்படி இரண்டு பெயர்கள் உண்டு. உரிமையியல் வழக்கில் தோற்றவர் வென்றவருக்குத் தருவது இழப்பீடு. பழைய வழக்கில் நஷ்டஈடு. குற்றவியல் வழக்கில் அரசுக்குச் செலுத்துவது அபராதம். அவதூறுக் குற்றத்துக்குத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 500ஆம் பிரிவு, 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இழப்பீட்டுக்கு அப்படி எழுதி வைத்த உச்சவரம்பு இல்லை. மூத்த பத்திரிகையாளர் எம்.ஜி.ஜி. பிள்ளையும் பிறரும் பிரதிவாதிகளாக இருந்த வழக்கில், தொழிலதிபர் ஒருவருக்கு மொத்தம் 1 கோடி ரிங்கிட் இழப்பீடு தருமாறு 1994இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2000ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதைக் கண்டு மற்றவர்களும் கோடிக்கணக்கில் கேட்கத் தொடங்கினர். பின்னர் நீதிமன்றங்களே இந்தப் போக்கைக் கட்டுப்படுத்தின. கேட்கும் தொகை வேறு, கிடைக்கும் தொகை வேறு என்பதைச் செய்தித் தலைப்புகள் இன்றும் எப்போதும் தெளிவாகச் சொல்வதில்லை.

இறந்தவரைப் பற்றிய ஒரு கேள்வியை மாணவர்கள் தவறாமல் எழுப்புவதுண்டு. இறந்தவரின் நற்பெயருக்காக உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது. அந்த உரிமை அவரோடு போய்விடுகிறது. ஆனால், உறவினர் மனத்தைப் புண்படுத்தும் எண்ணத்தோடு இறந்தவரைப் பழித்தால் அது குற்றவியல் அவதூறு ஆகலாம்.

இதுவரை வந்த சொற்களுள் மிக எளிதாகத் தோன்றுவது 'பொறுப்பு'. மிக வழுக்குவதும் அதுவே. 'பொறுப்பான பிள்ளை' என்றால் நற்பண்பு. 'வகுப்புப் பொறுப்பாசிரியர்' என்றால் பணி. 'விபத்துக்கு அவரே பொறுப்பு' என்றால் காரணம். சட்டத்தில் வரும் பொறுப்பு இம்மூன்றும் அன்று. நேர்ந்ததன் சுமையை யார் தாங்க வேண்டும் என்பது. சொல்லின் வேரிலேயே அந்தப் பொருள் இருக்கிறது. 'பொறு' என்றால் தாங்கு. மலாயிலும் 'தங்குங்' என்பது சுமத்தல். 'ஜவாப்' என்பது பதில். இரண்டும் சேர்ந்ததே 'தங்குங்ஜவாப்'. பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் 'அதற்கு அவரே ஜவாப்தாரி' என்று எழுதுவார்கள். மலாயில் உள்ள அதே அரபுச் சொல்தான் தமிழிலும் வந்து இருந்துவிட்டுப் போயிருக்கிறது. சுமையைத் தாங்குதல், கேட்டால் பதில் சொல்லுதல் என்னும் இரண்டு பொருளையும் ஒன்றாகக் கட்டிய அந்த மலாய்ச் சொல் சட்டத்துக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

தாம் எழுதாத ஒன்றுக்கு ஒருவர் பொறுப்பாக முடியுமா? 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு இதற்கு ஒரு வழி வகுத்தது. ஒரு பதிவில் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என யாருடைய பெயரோ படமோ காணப்படுகிறதோ, மறுத்து நிரூபிக்கும்வரை அவரே அதை வெளியிட்டவர் என்று அனுமானிக்கப்படும். இங்கே 'அனுமானம்' என்பதும் கவனிக்க வேண்டிய சொல். அன்றாடத் தமிழில் அது ஊகம். சட்டத்தில் அது தொடக்கப்புள்ளி. எதிர்ச்சான்று வரும்வரை நிற்கும், வந்தால் விலகும். முடிவும் அனுமானமும் ஒன்றல்ல.

இந்தப் பிரிவு பெரிதாகச் சோதிக்கப்பட்டது 2021ஆம் ஆண்டில். மலேசியாகினி செய்தித்தளத்தில் 2020 ஜூன் 9ஆம் நாள் வாசகர்கள் ஐந்து பதிவுகளை எழுதியிருந்தனர். அவை நீதித்துறையை இழிவுபடுத்துவதாகச் சட்டத்துறைத் தலைவர் வழக்குத் தொடுத்தார். பல நாளிதழ் வாசகர்கள் இதை அவதூறு வழக்கு என்றே பேசிக்கொண்டனர். அது அவதூறு வழக்கு அன்று. நீதிமன்ற அவமதிப்பு வழக்கு. தனி நீதிபதி ஒருவரின் நற்பெயர் அங்கே கேள்வி அன்று. நீதி வழங்கும் அமைப்பின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையே கேள்வி. ஆகவே வாதிக்கு இழப்பீடு என்ற பேச்சுக்கும் இடமில்லை.

2021 பிப்ரவரி 19ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் 6க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. செய்தித்தளத்தை நடத்தும் நிறுவனம் அவமதிப்புக் குற்றம் புரிந்ததாக முடிவாகி, 500,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அரசுத் தரப்புக் கேட்டது 200,000 ரிங்கிட்தான். தலைமையாசிரியர் ஸ்டீவன் கான் குற்றவாளி அல்லர் என விடுவிக்கப்பட்டார். ஒரே செய்தித்தளம், ஒரே பதிவுகள். ஆனால் நிறுவனத்தின் பொறுப்பு வேறு, தனிமனிதரின் பொறுப்பு வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் கண்டது. பொதுமக்கள் அளித்த நன்கொடையால் அந்த அபராதத் தொகை சில மணி நேரத்திலேயே சேர்ந்துவிட்டது.

மாறுபட்டு நின்ற அந்த ஒருவர் நீதிபதி நளினி பத்மநாதன். பதிவுகள் இருப்பது தெரியாமல் இருந்தபோது, தெரிந்ததும் உடனே நீக்கிவிட்ட நிலையில், வெளியிட்டதாகக் கொள்ள முடியாது என்பது அவருடைய நோக்கின் சாரம். பெரும்பான்மையினர், ஆயிரக்கணக்கானோர் எழுதும் இடத்தைத் திறந்து வைத்தவர் அங்கே என்ன நடக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று கருதினர். 'அறிந்திருந்தார்' என்பதற்கும் 'அறிந்திருக்க வேண்டும்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவில்தான் அந்த வழக்கே நின்றது. சட்டமாக நிலைப்பது பெரும்பான்மைத் தீர்ப்பே. மாறுபட்ட தீர்ப்பு தோற்ற தரப்பின் வாதம் அன்று. அதுவும் நீதிபதி எழுதிய தீர்ப்பே. பிற்காலத்தில் வேறொரு வழக்கில் அது எடுத்துக் காட்டப்படலாம்.

பொறுப்புக்கு எதிர்ச்சொல் போலத் தோன்றும் இரண்டு சொற்கள் இன்னும் உள்ளன. அவை 'சிறப்புரிமை', 'விலக்குரிமை'. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் பேசியதற்காக அவர்மீது அவதூறு வழக்குத் தொடுக்க முடியாது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 63ஆம் விதி அவருக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. 'அவைக்கு வெளியே வந்து இதையே சொல்லத் தயாரா?' என்ற சவால் அங்கிருந்துதான் பிறக்கிறது. இது முழுச் சிறப்புரிமை. வரம்புள்ள சிறப்புரிமையும் உண்டு. மாணவன் ஒருவன் தவறு செய்ததாகக் கருதும் ஆசிரியர் தலைமையாசிரியரிடம் அறிக்கை அளித்தால், சொல்லும் கடமை ஒருவருக்கும் கேட்கும் தேவை மற்றவருக்கும் இருக்கிறது. அறிக்கை பின்னர்த் தவறென்று தெரிந்தாலும் ஆசிரியர் காக்கப்படுவார். வன்மத்தோடு எழுதினார் என்று நிரூபித்தால் அந்தக் காப்பு கலையும். அதே அறிக்கையை அவர் பெற்றோர் புலனக் குழுவில் போட்டாலும் கலையும்.

விலக்குரிமையோ வேறு வகை. சிறப்புரிமை, குறிப்பிட்ட சூழலில் சொன்ன சொல்லைக் காக்கிறது. விலக்குரிமை, குறிப்பிட்ட பணியில் உள்ள ஆளை வழக்கிலிருந்தே விலக்கி வைக்கிறது. இதைப் புரிந்துகொள்ள உலகம் முழுவதும் சட்டம் படிப்போர் எடுத்துக்காட்டும் வழக்கு ஒன்று கோலாலம்பூரில் தொடங்கியது என்பது மலேசிய மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி.

டத்தோ பரம் குமாரசாமி கோலாலம்பூரின் வழக்கறிஞர். மலேசிய வழக்கறிஞர் மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர். 1994இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணையம், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் சுதந்திரத்தைக் கண்காணிக்கும் சிறப்பு அறிக்கையாளராக அவரை நியமித்தது. 1995 நவம்பரில் பிரிட்டனிலிருந்து வெளிவரும் சட்ட இதழ் ஒன்றில் மலேசிய நீதித்துறை பற்றிய கட்டுரை வந்தது. அதில் அவர் அளித்த நேர்காணலிலிருந்து சில பகுதிகள் இடம்பெற்றன. அவை தங்களை அவதூறு செய்வதாகக் கூறி நிறுவனங்களும் தனியாரும் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் அடுத்தடுத்து நான்கு வழக்குகளைத் தொடுத்தனர். கேட்கப்பட்ட மொத்தத் தொகை 28 கோடி ரிங்கிட். ஒரு தனிமனிதர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் கட்ட முடியாத தொகை அது.

அவர் முன்வைத்த வாதம் 'நான் சொன்னது உண்மை' என்பது அன்று. ஐக்கிய நாடுகளின் பணியில் இருந்தபோது அந்தத் தகுதியில் பேசியதால், தம்மீது வழக்கே செல்லாது என்பதுதான். ஐக்கிய நாடுகளின் சிறப்புரிமைகளும் விலக்குரிமைகளும் பற்றிய 1946ஆம் ஆண்டு உடன்படிக்கை அப்படி ஒரு காப்பை வழங்குகிறது. மலேசியா 1957 அக்டோபரிலேயே அதில் சேர்ந்துவிட்டது. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானும் அவர் பணியின் நிமித்தமே பேசினார் என்று எழுத்தில் உறுதி அளித்தார். ஆயினும் 1997 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. 1998 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. அவர் தூதரும் அல்லர், ஊதியம் பெறும் முழுநேர அலுவலரும் அல்லர் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

பின்னர் விவகாரம் நெதர்லாந்தின் தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனது. 1999 ஏப்ரல் 29ஆம் நாள் அந்த நீதிமன்றம், அவருக்கு விலக்குரிமை உண்டு என்று 14க்கு 1 என்ற பெரும்பான்மையில் கூறியது. பொதுச்செயலாளர் அளித்த உறுதியை மலேசிய அரசு தன் நீதிமன்றங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்றும், விலக்குரிமைக் கேள்வியை வழக்கின் தொடக்கத்திலேயே தீர்த்திருக்க வேண்டும் என்றும் அது சுட்டியது. அந்த நீதிமன்றம் அளித்ததற்குப் பெயர் 'ஆலோசனைக் கருத்து', 'தீர்ப்பு' அன்று. பொதுவாக ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. இந்த உடன்படிக்கையிலோ, இப்படிக் கேட்டுப் பெறும் கருத்தை இரு தரப்பும் இறுதியானதாக ஏற்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. பெயர் ஆலோசனை, வலிமை தீர்ப்பினுடையது.

பரம் குமாரசாமி சொன்ன சொற்கள் அவதூறானவையா, பொருத்தமானவையா என்று அனைத்துலக நீதிமன்றம் ஆராயவே இல்லை. அது தன்முன் வந்த கேள்வி அன்று என்று ஒதுக்கிவிட்டது. ஆகவே, 'அவர் அவதூறு செய்யவில்லை என்று தி ஹேக்கில் தீர்ப்பானது' என்று எழுதினால் அது பிழை. 'அவர் அவதூறு செய்தும் தப்பித்துவிட்டார்' என்று எழுதினால் அது அதைவிடப் பெரிய பிழை. வழக்கிலிருந்து விலக்கு என்பது ஒரு கேள்வி, யாருக்கேனும் கேடு நேர்ந்திருந்தால் இழப்பீடு தருவது யார் என்பது இன்னொரு கேள்வி என்று அந்த நீதிமன்றமே பிரித்துக் காட்டியது. ஐக்கிய நாடுகளின் பணியாளர் ஒருவரின் செயலால் கேடு விளைந்தால், அதற்கான பொறுப்பை அந்த அமைப்பே ஏற்க நேரலாம். ஆனால் அந்தக் கோரிக்கை உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போகாது. அமைப்பே வகுத்துள்ள வேறு வழியில் தீர்க்கப்படும். கோலாலம்பூரின் ஒரு வழக்கறிஞர் தலையிலிருந்து இறங்கிய சுமை மறைந்துபோகவில்லை. சுமக்க வேண்டியவர் யார் என்பதே மாறியது.